திரும்பி வந்த வருஷங்கள்

மேட்டகள்ளி, மைசூர்
9.6.2024

அன்புள்ள பாப்பம்மா அக்காவுக்கு,

காவேரி எழுதறேன். நீங்க, சித்தையன் அண்ணன், புள்ளைங்க எல்லாரும் சுகந்தானே? உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? எனக்கும் மனிஷாவுக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்க தம்பிய வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டியாந்தாச்சு.

போன் இருக்கறப்ப எதுக்குக் காகிதம்னு நெனைப்பீங்க. முந்தாநாள் நீங்க கூப்பிட்டப்ப என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். என் கையிலருந்து போனப் பிடுங்கி, "அக்கா, அப்பாகிட்ட குடு, பேசணும்"ன்னார். நீங்களும் பதறிப்போய், "அப்பா போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சேடா"ன்னுட்டீங்க. அப்படியே தரையில உக்காந்து அழுதார். கொஞ்ச நேரத்துல அழுததே மறந்துபோச்சு. மறுபடி என்கிட்ட அப்பாவக் கேட்டார். நான் எங்க நின்னு பேசினாலும் பின்னாலயே வந்து நிக்கறார். ஒரே ரூம் வீட்டுல எதை ஒளிச்சுப் பேசறது? அவர் படிச்சது கன்னடப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து ஓடாது. நீங்க அந்தியூர்ல மாமன் வீட்டுல இருந்து தமிழ் படிச்சவங்க. அதனால இனி எழுத்துலதான் பேசிக்கணும்.

நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போன மறுநாள்தான் டாக்டரம்மா என்ன உக்கார வெச்சு விளக்கமாச் சொன்னாங்க. மூளைக்குள்ள ஊறற தண்ணி கீழ எறங்கற வழி அடைச்சுக்கிச்சாம். அத்தன மாசம் தலைவலி, காலையில வாந்தி, டைல்ஸ் ஒட்டப் போன எடத்துல தடுமாறி விழுந்தது எல்லாம் அதனாலதான். மண்டையில சின்னதா ஓட்டை போட்டு, கேமரா வெச்ச குழாய விட்டு, தண்ணி போக வேற வழி தெறந்து விட்டாங்க. வழி தெறந்துடுச்சு. ஆனா உள்ள ரத்தம் கசிஞ்சுச்சு. குழாய் போற ஓரத்துலதான் ஞாபகத்துக்கான நரம்பு இருக்காம், அதுல அடிபட்டுடுச்சு. தாகத்தக் கவனிக்கற எடமும் கெட்டுப்போச்சு. குடம் குடமாக் குடிக்கறார், குடிச்சதெல்லாம் வெளிய போகுது. உப்பு ஏறி எறங்கி வலிப்பு வந்தது அதனாலதானாம். யார் மேலயும் தப்பில்ல, சில பேருக்கு இப்படி ஆகும்னு முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க.

புதுசா எதுவும் மனசுல நிக்கறதில்ல. பழசுலயும் கடைசிப் பத்துப் பதினோரு வருஷம் அழிஞ்சு போச்சு. அவர் கணக்குல எங்களுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு. மனிஷாவப் பாத்து, "இந்தப் பாப்பா யாரு, பக்கத்து வீடா?"ன்னார். புள்ள குழாயடிக்குப் போய் நின்னு அழுதா.

அண்ணனுக்கு வணக்கம் சொல்லுங்க.

காவேரி


மார்டள்ளி
21.6.2024

அன்புள்ள காவேரிக்கு,

பாப்பம்மா எழுதறது. நாங்க எல்லாரும் சாமி புண்ணியத்துல நல்லாருக்கறோம். நீயும் கொழந்தையும் நேரத்துக்குச் சாப்புட்டு ஒடம்பப் பாத்துக்குங்க.

உன்ற காகிதத்தப் படிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. அப்பா போனத அவன் புதுசாக் கேட்டு அழுதான்னா அந்தப் பாவம் என்ற வாய்க்குத்தான். எங்கம்மா செத்தப்ப அவனுக்கு ஏழு வயசு. அவனுக்குத் தல தொவட்டி விட்டு வளத்தவ நானு. அந்தத் தலையில ஓட்டை போட்டாங்கன்னா எனக்கு எப்படி இருக்கும்?

கையெழுத்து நீதான் போட்டயாமா. ஒரு வார்த்த எங்களக் கேட்டிருக்கலாம். செரி, போனதப் பேசி என்ன. மழை பேஞ்சு மக்காச்சோளம் வெதைக்கற சமயம், அதனாலதான் ஒரு நாளைக்கு மேல அங்க நிக்க முடியல. மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே வர்றேன்னு வேண்டியிருக்கறேன். துன்னூறு உள்ள வெச்சிருக்கறேன், அவன் நெத்தியில பூசி உடு. அவன் இப்பக் கொழந்தையாட்டம். பொறுமையாப் பாத்துக்க அம்மிணி.

இன்னொண்ணு. நான் வந்தப்ப கீழ் வீட்டு சுசித்ரா பேச்சுவாக்குல சொன்னா, உன்ற பொட்டியும் கொழந்தை துணிமணியும் அவ ஊட்டுல இருக்குதுன்னு. எதுக்குன்னு நான் கேக்கல. நீயும் சொல்ல வேண்டாம்.

பாப்பம்மா


மைசூர்
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? சோளம் மொளைச்சுடுச்சா? இங்க நாங்க இருக்கோம்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உங்க நம்பருக்குப் பல தடவை அடிச்சேன். காட்டுல சிக்னல் இல்லாம இருந்திருக்கும். அவருக்கு அதுக்குள்ள பேச்சு கொழற ஆரம்பிச்சிடுச்சு. காத்திருந்தா கண்ணு போயிடும், உசுரும் போகலாம்னாங்க. போட்டேன். பொட்டி சுசித்ரா வீட்டுல இருக்கறது இங்க எடம் பத்தாமத்தான்.

தண்ணிக்கு மூக்குல அடிக்கற ஸ்பிரே குடுத்திருக்காங்க, ஃப்ரிட்ஜுல வெக்கணும்ங்கறதால அது சுசித்ரா வீட்டுல இருக்கு. இப்ப தாகம் அடங்கியிருக்கு. கார்மெண்ட்ஸ்ல கெஞ்சி மதியம் வரைக்கும் வேலை வாங்கியிருக்கேன். அது வரைக்கும் சுசித்ராதான் பாத்துக்கறா. தெருவுக்குப் போனா வீடு தெரியாது.

உங்க தம்பி எப்படி இருக்கார்னு கேப்பீங்க. ரொம்ப நல்லா இருக்கார். நான் வேலையிலருந்து வந்தா வாசல்ல நின்னு, "காவேரிம்மா, ஊட்ட ஆய்த்தா?"ன்னு கன்னடத்துல கேக்கறார், சாப்பிட்டாச்சான்னு. நான் சாப்பிடாம அவர் சாப்பிடறதில்ல. பூக்காரம்மா வந்தா ஒரு மொழம் வாங்கி வெச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருக்கார். கல்யாணமான புதுசுல இப்படித்தான் இருந்தார். என் கையில இருக்கற தழும்பப் பாத்து, "இது எப்படி ஆச்சு?"ன்னு தினமும் கேக்கறார். குக்கர் பட்டுதுன்னு தினமும் சொல்றேன்.

பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம், "அய்யோ பாவ, எவ்ளோ பிரியம் பாரு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க.

காவேரி


மார்டள்ளி
4.8.2024

அன்புள்ள காவேரிக்கு,

இங்க அல்லாரும் சொகம். ஆடிப் பொங்கலுக்குக் கோயில்ல உங்க மூணு பேரு பேர்லயும் அர்ச்சனை பண்ணினேன்.

உன்ற காகிதத்த உங்க அண்ணனுக்கும் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு அவரே கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு. என்ற தம்பி சென்னிமலை சின்னதுலருந்தே அப்படித்தான் அம்மிணி. ஒரு வெள்ளரிக்காய் கெடைச்சாலும் எனக்குப் பாதி வெச்சிருப்பான். அவன் மனசு தங்கம். நடுவுல ஏதோ கெட்ட நேரம் கொஞ்சம் அப்படி இப்படி இருந்திருப்பான், ஆம்பளைங்கன்னா எல்லா ஊட்லயும் இருக்கறதுதான். ஒரு சீக்கு வந்தும் கட்டினவளக் கண்ணுல வெச்சுப் பாக்கறான்னா நீ குடுத்து வெச்சவ.

ஒடம்பப் பாத்துக்க. கொழந்தைக்கு என்ற முத்தம்.

பாப்பம்மா


மைசூர்
25.8.2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இன்னிக்கு மனசு வரல. தப்பா எடுத்துக்காதீங்க.

குடுத்து வெச்சவன்னு எழுதியிருந்தீங்க. படிச்சுட்டு மடிச்சு வெச்சேன். அப்பதான் அவர் வந்து பக்கத்துல உக்காந்து என் கையப் பிடிச்சார்.

"காவேரிம்மா, கையில என்ன இது?"

குக்கர்னு சொல்ல வாய் வரல. "நீங்க சுட்டது"ன்னேன்.

சிரிச்சார். "சும்மா சொல்லாத."

"கரண்டிய அடுப்புல காய வெச்சு நீங்கதான் சுட்டீங்க. உங்க அக்கா வீட்டுல. மலைத் திருவிழாவுக்குப் போயிருந்தப்ப. கொழம்புல உப்பு எச்சாப் போச்சுன்னு."

மொகத்துல சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. "நானா?"ன்னார். ஒவ்வொண்ணாச் சொன்னேன். லாக்டவுன்ல வேலை இல்லாம இருந்தப்ப மொத அறை விழுந்தது. அப்பறம் குடிச்சாலும் குடிக்காட்டியும் விழுந்தது. முடியப் பிடிச்சு வாசல் வரைக்கும் இழுத்தது. மனிஷா குறுக்க வந்தப்ப அவளத் தள்ளி உதடு கிழிஞ்சது. எல்லாத்தையும் கேட்டுட்டு என் கால்ல தலைய வெச்சு, "நான் மனுஷனே இல்ல, என்ன மன்னிச்சுடு, இனிமே இந்தக் கையத் தூக்கவே மாட்டேன்"னு அழுதார். இத்தன வருஷத்துல அந்த வார்த்தைய நான் கேட்டதேயில்ல. எனக்கும் அழுகை வந்துச்சு.

எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சுட்டுத் திரும்பி வந்தார். என்னப் பாத்தார். "யாக்கே, ஏன் கண்ணு செவந்திருக்கு? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? யாருன்னு சொல்லு, நான் கேக்கறேன்"னார்.

அடுத்த நாளும் சொன்னேன். அதுக்கடுத்த நாளும். ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேட்டுப் புதுசா அழுதார். எனக்கு அந்த அழுகை வேணும்போல இருந்துச்சு. ஆனா அது எதுக்கு ஆகும்? மன்னிப்புக் கேட்ட ஆளு கொஞ்ச நேரத்துல இருக்கறதில்ல. நான் யார மன்னிக்கறது? ஒரு நாள் மனிஷா கதவுக்கிட்ட நின்னு கேட்டுட்டு, "போதும்மா, பாவம்மா அப்பா"ன்னா. உதடு கிழிஞ்ச புள்ள சொல்றா. அன்னியோட நிறுத்திட்டேன்.

கரண்டியால சுட்டப்ப நீங்க சமையக்கட்டு வாசல்ல நின்னுட்டு இருந்தீங்க அக்கா. "வெளிய ஒறம்பரைச் சனமெல்லாம் இருக்காங்க, சத்தம் போடாதீங்க"ன்னு சொல்லிக் கதவச் சாத்தினீங்க. அப்பறம் நீங்களே வந்து பேஸ்ட் தடவி விட்டீங்க.

பொட்டிக்கு எடம் பத்தலன்னு எழுதினது பொய். அவர் விழுந்த அந்த வாரம் சனிக்கிழமை நானும் மனிஷாவும் கெளம்பறதா இருந்தோம். புதன்கிழமை வேலை எடத்துலருந்து போன் வந்துச்சு, சென்னிமலை விழுந்துட்டான், ஆஸ்பத்திரிக்கு வான்னு.

காவேரி


மைசூர்
6.10.2024

அக்காவுக்கு,

போன காகிதத்துக்குப் பதில் வரல. வரும்னு நெனைச்சுக் காத்திருந்தேன். ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு ஒரு பக்கம் யோசனை. ஒரு வரி போடுங்க.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதறேன். நேத்து தசரா லைட்டு பாக்க மூணு பேரும் போனோம். கூட்டத்துல மனிஷா கொஞ்சம் பின்னால நின்னுட்டா. அவர் திரும்பி, "மனு, இங்க வா, அப்பா கையப் பிடிச்சுக்கோ"ன்னார். புள்ள நடுரோட்டுலயே நின்னுட்டா. அப்பறம் அவ பொறந்த கதையெல்லாம் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல்ல மழையில நனைஞ்சது, உங்கப்பா அவளுக்குப் பேர் வெச்சது, எல்லாம். புதுசா நடக்கறதும் ரெண்டு மூணு நாளைக்கு நிக்குது.

டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அடிபட்ட எடம் ஆறிட்டு வருதாம். இப்படிப் போன ஞாபகம் சில பேருக்குப் பழசுலருந்து ஒவ்வொரு வருஷமாத் திரும்பும்னாங்க. "எல்லாமே வந்துடுமா?"ன்னு கேட்டேன். "வந்தா சந்தோஷந்தானே?"ன்னு சிரிச்சாங்க.

காவேரி


மார்டள்ளி
21.10.2024

அன்புள்ள காவேரிக்கு,

நாங்க எல்லாரும் நலம். சோளம் ஒடைச்சுக்கிட்டு இருந்தோம், அதனாலதான் எழுதத் தோதுப்படல.

பெத்த புள்ளைய அடையாளம் கண்டுக்கிட்டான்னு படிச்சதும் மலையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். வருஷம் வருஷமாத் திரும்பும்னா இதவிட என்ன வேணும்? தீவாளிக்கு மூணு பேரும் வாங்க. அவனுக்குப் புடிச்ச ராகிக் களியும் கோழிக் கொழம்பும் ஆக்கிப் போடறேன்.

ஒரு வார்த்த. ஊட்டுச் சங்கதிய எல்லாம் காகிதத்துல எழுதாத. யார் கையிலயாச்சும் சிக்கினா யாருக்கு அவமானம்? அந்தக் காகிதத்த நான் அடுப்புல போட்டுட்டேன். நெனப்பில்லாத சீக்காளிகிட்டப் போய் அதையெல்லாம் தெனமும் சொல்லி அழ வெச்சயே, உனக்கு மனசு எப்படி வந்துச்சு? இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

பாப்பம்மா


மைசூர்
12.11.2024

அக்காவுக்கு,

உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒடம்பு நல்லா இருக்கணும். தீபாவளிக்கு வர மனசில்ல, அதான் வரல.

உங்கப்பா எறந்தது அவருக்கு ஞாபகம் வந்துடுச்சு. யாரும் சொல்லல. காலையில எந்திரிச்சு, "அப்பாவுக்குத் திதி குடுத்தமா?"ன்னு கேட்டார். சடங்குக்கு வந்தவங்க பேரெல்லாம் சரியாச் சொன்னார்.

அக்கா, அது 2018. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.

புரியாத மாதிரி இருக்காதீங்க. மொத அறை 2020-ல. அவர் அந்த வருஷத்துக்கு நடந்து வந்துட்டு இருக்கார். தினமும் என்ன ஞாபகம் வந்துச்சுன்னு கேட்டுக் கேட்டு நான் பாத்துட்டு இருக்கேன். "காவேரிம்மா"ன்னு கூப்பிடறது கொறைஞ்சுடுச்சு. பூ வாங்கறதில்ல. நேத்து சாம்பார மோந்து பாத்துட்டுத் தள்ளி வெச்சார். மனிஷா தட்ட எடுத்துக்கிட்டு மூலைக்குப் போயிட்டா. அவளுக்கும் தெரியுது.

உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். அவரக் கொஞ்ச நாள் மார்டள்ளிக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க வளத்த தம்பிதானே. மாத்திரையெல்லாம் எழுதித் தர்றேன். கொள்ளேகாலம் வரைக்கும் நானே கொண்டுவந்து விடறேன். பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் இல்ல.

காவேரி


மார்டள்ளி
6.12.2024

காவேரிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உங்க அண்ணன் ஒத்துக்க மாட்டேங்கறாரு. கட்டினவ குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப கூடப்பொறந்தவ ஊட்டுல கொண்டாந்து வெச்சா ஊரு என்ன பேசும்? இங்க மூத்தவளுக்கு மாப்பிள்ள பாக்கறோம். ஒறம்பரை வந்து போற ஊட்டுல இப்படி ஒரு ஆளு உக்காந்திருந்தா நல்லாருக்குமா, நீயே யோசி.

நடக்காததுக்கு எதுக்குப் பயப்படற? சாவு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தவன் திருந்தாமயா போயிருவான்? அனுசரிச்சுப் போ. நானும் அனுசரிச்சுத்தான் இத்தன வருசம் வாழ்ந்தேன்.

பாப்பம்மா


மைசூர்
19.1.2025

அக்காவுக்கு,

எல்லாரும் சுகமா இருங்க. பொங்கல் வெச்சோம், பொங்குச்சு.

அன்னிக்குத் தட்டுல பொங்கலப் போடறப்ப, "அந்த வருஷம் மாஸ்க் போட்டுக்கிட்டுப் பொங்கல் வெச்சோமில்ல"ன்னார். அது 2021 பொங்கல்.

அவர்கூட டைல்ஸ் வேலை பாத்த வேலாயுதம் மேஸ்திரி வந்து பாத்துட்டுப் போனார். போறப்ப இவரையும் கூட்டிட்டுப் போனார். திரும்பி வந்தப்ப வாசனை வந்துச்சு. தலையில ஆபரேஷன் ஆனவர் குடிக்கலாமான்னு கேட்டேன். திரும்பி என்னப் பாத்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

வேற ஒண்ணுமில்ல.

காவேரி


மார்டள்ளி
9.2.2025

அன்புள்ள காவேரிக்கு,

நீ, கொழந்தை, தம்பி மூணு பேரும் நூறு வருசம் நல்லாருக்கணும். எங்களுக்கு ஒரு கொறையுமில்ல.

முந்தாநேத்து தம்பியே எனக்குப் போன் பண்ணினான்! அவனா நம்பரப் போட்டு, அவனாப் பேசினான். எங்கூட்டுச் செவலை மாடு வித்தது, மூத்தவ பத்தாவது பாஸ் பண்ணினது, எல்லாம் சொல்றான். ஒரு வார்த்த தப்பில்ல. நான் ஏதோ குறுக்க பேசினேன். "நீ சும்னிரு, நான் பேசிட்டிருக்கேன்ல"ன்னு ஒரு அதட்டு அதட்டினான் பாரு! அதே கொரலு. எனக்குச் சந்தோசத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சு. பழைய சென்னிமலையே திரும்பி வந்துட்டான் அம்மிணி.

சிவராத்திரிக்கு மலைக்கு நடந்து போய் வேண்டுதலத் தீத்துட்டு வர்றேன். நீ பட்ட பாடெல்லாம் தீந்துச்சு. இனி நல்ல காலந்தான்.

பாப்பம்மா


4.3.2025

பாப்பம்மா அக்காவுக்கு,

மலைக்கு நடந்து போயிட்டு வந்திருப்பீங்க. கால் எப்படி இருக்கு? வெந்நீர் ஒத்தடம் குடுங்க.

போன வாரம் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க. தெறந்து விட்ட வழி நல்லா இருக்கு, தண்ணி ஓடுது, ஞாபகம் முழுசாத் திரும்பிடுச்சு, வேலைக்குப் போகலாம்னாங்க. "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டம்மா"ன்னு என் தோள்ல தட்டிக் குடுத்தாங்க. நான் அழுதேன். சந்தோஷத்துலன்னு நெனைச்சுக்கிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு குழைஞ்சுபோச்சு. தட்டு சொவத்துல போய் விழுந்துச்சு. நான் குனிஞ்சு பொறுக்கறப்ப முதுகுல மிதிச்சார். எந்திரிச்சதும் கன்னத்துல. "ஒன்பது மாசமா என்ன பொம்மையாட்டம் உக்கார வெச்சு ஆட்டினயில்ல?"ன்னு கேட்டார். மனிஷா போய்க் கதவத் தெறந்து வெச்சுக்கிட்டு நின்னா.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. மறுநாள் காலையில காபி குடுத்துட்டுக் கேட்டேன்.

"நேத்து என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

டம்ளர வாயிலருந்து எடுக்காமயே சொன்னார். "இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

ஆகஸ்ட் மாசம் என் கால்ல விழுந்து அழுதாரே, அந்த ஆள நான் கொஞ்ச நேரம் நெனைச்சுப் பாத்தேன். பாவம், அவர் ரொம்ப நாள் இருக்கல. இத உங்களால புரிஞ்சுக்க முடியாது, முடிஞ்சாலும் எழுத மாட்டீங்க.

இன்னிக்கு அவர் வேலைக்குப் போனதும் நாங்க கெளம்பிட்டோம். எங்கன்னு எழுதல. மனிஷாவுக்குப் பள்ளிக்கூடம் பாத்தாச்சு, எனக்கும் தையல் வேலை இருக்கு. இது பஸ்ஸு நிக்கற எடத்துல உக்காந்து எழுதறது.

காலை மாத்திரை பச்சை டப்பாவுல, ராத்திரி மாத்திரை செவப்புல. ஸ்பிரே சுசித்ரா வீட்டு ஃப்ரிட்ஜுல. மே மாசம் செக்கப்புக்குப் போகணும். தலைவலியும் காலை வாந்தியும் சேந்து வந்தா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும், வழி மறுபடி மூடிக்கிட்டாலும் மூடிக்குமாம். கையெழுத்துக் கேப்பாங்க. இந்தத் தடவை நீங்க போடுங்க.

சீக்காளிப் புருஷன விட்டுட்டு ஓடிட்டான்னு ஊருல பேசுவாங்கன்னுதான் இத்தன மாசம் இருந்தேன். இனி யாராச்சும் அப்படிக் கேட்டா, டாக்டரம்மா சொன்னதையே சொல்லுங்க. உங்க தம்பிக்கு ஒரு சீக்கும் இல்ல.

காவேரி